ஊற வைத்த சீர்த்தட்டு

“...இருபத்தெட்டு வருசமா என் கடைக் காயத் தின்னு வளந்த பொண்ணத்தானே மாப்ளே கட்டிக்கிட்டீங்க? அப்ப அவளையும் ஒரு மணி நேரம் ஊற வச்சுல்ல கூட்டிட்டுப் போயிருக்கணும்!”

என் மாமியார் இதைக் கேட்டபோது நான் எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இரண்டு கையும் முழங்கை வரை மஞ்சள். எதிரே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. என் மனைவியின் வளைகாப்புக்கு வந்த ஏழு தட்டுச் சீரில் ஐந்து தட்டு அதற்குள் மிதந்துகொண்டிருந்தது. வாசலில் கிள்ளானிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எட்டுப் பேர், ரயிலில் வந்த களைப்பெல்லாம் தீர்ந்து, கண் கொட்டாமல் நின்றார்கள்.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பயந்த மனிதன் கையில் நல்ல எண்ணமும் ஒரு வாட்ஸ்அப் கணக்கும் கிடைத்தால், பத்துக் கெட்டவர்கள் சேர்ந்து செய்ய முடியாத சேதத்தை அவன் ஒருவனே செய்து முடித்துவிடுவான். நான் செய்தேன்.

என் தொழில் காடி, அதாவது கார், ஓட்டுவது. போனில் கூப்பிட்டால் வந்து நிற்கும் வகை. படிப்பு படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், நின்றுவிட்டது. மிச்சத்தையெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். யாராவது ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிட்டால் போதும், நான் அவர் கட்சி. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதைப் போனில் குறித்துவைத்துக்கொள்வேன். ஒருமுறை அம்பாங்கில் இறங்கிய ஓர் அங்கிள், “தம்பி, டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லணும். பொண்டாட்டிகிட்ட அத சீக்கிரமாச் சொல்லணும்” என்றார். அதையும் குறித்துவைத்தேன். (எடுத்துப் படிச்சும் பாத்திருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இல்ல.)

கவிதாவும் நானும் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு ஃப்ளாட்டில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் வயிற்றில் தங்கிய குழந்தை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, “நீங்க ரெண்டு பேரும் எதையும் தப்பா செய்யல, காரணம்னு ஒண்ணும் இல்ல” என்று சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது பெரிய இம்சையாகிவிட்டது. காரணம் ஒன்று இருந்தால் அடுத்த தடவை அதைத் தடுத்துவிடலாம். காரணமே இல்லையென்றால் எந்தப் பக்கம் காவல் நிற்பது?

அடுத்த வருடம் கவிதா மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்படி ஒரு காலையில்தான் பங்சாரில் ஓர் அக்கா ஏறினார். கையில் பழுப்புக் காகிதப் பை. மாசமாக இருப்பவர்கள் என்ன சாப்பிடலாம் என்று பேச்சுக்கொடுத்தேன். (கொடுக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.)

“வீட்டுல யாரு மாசமா இருக்கா?”

“பொண்டாட்டிக்கா. மூணாவது மாசம்.”

“பாசார் கீரையா வாங்குறீங்க? ஐயோ தம்பி. என்னா மருந்து அடிக்கிறான் தெரியுமா? ஒரு இலையிலயாவது ஓட்டை பாத்திருக்கீங்களா? பூச்சியே தின்னப் பயப்படுறத நம்ம திங்குறோம்லா.”

என்ன ஒரு வாக்கியம்! சாலை நெரிசலில் நின்றபோது எழுத்துப் பிழையில்லாமல் குறித்துவைத்தேன். அன்று மாலைக்குள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்திருந்தேன். காவல் நிற்க எனக்கு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது.

இதில் சின்னதாக ஒரு சிக்கல் இருந்தது. என் மாமியார் பாக்கியம், கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், காய்கறிக் கடை வைத்திருப்பவர்.

ஒவ்வொரு ஞாயிறும் நான் கிள்ளான் பக்கம் சவாரி போவேன். அத்தை கடையில் எட்டிப் பார்ப்பேன். ஒரு சிவப்புப் பையைக் கட்டித் தயாராக வைத்திருப்பார். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, பாகற்காய், நாலு கொய்யாப்பழம். “மாப்ளே, கீரைய இன்னிக்கே ஆக்கிடுங்க. அவளுக்குத் தண்டு பிடிக்காது. நானே கிள்ளி எடுத்துட்டேன்” என்பார். பின்சீட்டில் வைத்தால் வெயில் படும் என்று முன்சீட்டில் என் பக்கத்திலேயே வைத்து, பெல்ட்டும் மாட்டிவிடுவார்.

அப்படி மரியாதையாகப் பயணம் செய்து வந்த கீரை ஒன்பதாவது மாடிக்கு ஏறவே இல்லை. ஃப்ளாட் வாசலில் ஜாகா தாப்பா உட்கார்ந்திருப்பார். எங்கள் கட்டடத்துக் காவலாளி, நேப்பாளத்துக்காரர். பையை அப்படியே அவர் மடியில் வைத்துவிடுவேன். எறிய மனசு வரவில்லை, பாருங்கள். (அவரு மட்டும் மருந்து சாப்பிடலாமான்னு கேக்காதீங்க. அன்னிக்கு எனக்கு அது தோணல. இன்னிக்குத் தோணுறப்ப முகத்த மூடிக்கிறேன்.)

சமையல் வாடை கவிதாவுக்கு ஆகாது, அதனால் அடுப்படி என் ராஜ்ஜியமாக இருந்தது. “அம்மா குடுத்த கீரை எங்கங்க?” என்று கேட்பாள்.

“வாடிப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“அம்மா கடைக் கீரை வாடுமா?”

“வெயில்ல வந்துச்சுல்ல.”

அவள் அம்மாவிடம் போனில் இதைச் சொல்லவே இல்லை. காய்க்கடைக்காரரிடம் போய் உங்கள் கீரை வாடியிருக்கிறது என்று சொல்வது, பாட்டு வாத்தியாரிடம் போய் உங்களுக்குச் சுருதி சேரவில்லை என்று சொல்வது மாதிரி. மகளே சொல்வாளா? நான் அதைத்தான் நம்பியிருந்தேன். மருந்து அடிக்காதது என்று பங்சாரில் விற்ற ஓர் உள்ளங்கையளவு கீரைப் பொட்டலம் வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாளில் சோறு, முட்டை, டின் மீன், பிஸ்கட். பழத்தில் தோல் தடிப்பாக இருப்பதை மட்டும் கொஞ்ச நாள் அனுமதித்தேன். பிறகு வாழைப்பழத்தைப் பற்றியும் ஒரு செய்தி வந்தது. அதையும் நிறுத்தினேன்.

ஆறாம் மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். மிஸி, அதாவது நர்ஸ், கர்ப்பிணிகளுக்கான பிங்க் நிறப் புத்தகத்தில் ரத்த அளவின் எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் எங்களைப் பார்த்தார்.

“ரத்தம் கொறஞ்சுக்கிட்டே போவுது. என்னாமா சாப்பிடுறீங்க?”

கேட்டது கவிதாவை. பதில் சொன்னது நான். பிஸ்கட் வரை சொல்லி முடித்தேன்.

“காய்?”

“அதுல மருந்து மிஸி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மருந்து இருக்கு தம்பி. இல்லன்னு நான் சொல்லல. ஓடுற தண்ணியில நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ஒரே காயத் தெனமும் தின்னாம மாத்தி மாத்தித் தின்னுங்க. அது வருமோ வராதோன்னு பயப்படுற கெடுதல். இது வந்தே போச்சு. இந்தா, எழுதியிருக்கேன் பாருங்க.” பேனா முனை அந்த எண்ணைத் தட்டியது. “சரி, குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய எதோட முழுங்குறீங்க?”

“சூடா டீ போட்டுக் குடுப்பேன் மிஸி.”

“அதுவுமா! டீயோட முழுங்கினா அந்தச் சத்து ஒடம்புல எப்படிச் சேரும்?” கவிதாவைப் பார்த்து, “இவர வெளியில உக்கார வச்சிட்டு வந்திருக்கலாம்லா” என்றார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: “ஒரு மாசம் கழிச்சு, திங்கக்கெழம, மறுபடி எடுப்போம். அப்பவும் எறங்கியிருந்துச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். ஊசி வழியா ஏத்துவாங்க. பிரசவத்துல ரத்தம் போனா தாங்கணும்ல.”

காடியில் திரும்பினோம். கவிதா வயிற்றின் மேல் கையை வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மிஸி சொன்ன இத்தனையிலும் ‘கழுவுங்க’ என்ற ஒரு சொல்தான் என் மண்டையில் நின்றது. எப்படிக் கழுவுவது என்று குழுக்களில் கேட்டேன். ஒருவர் உப்பு என்றார். ஒருவர் மஞ்சள்தூள். இன்னொருவர் வினிகர். நாலாவது ஒருவர், கேக்குக்குப் போடும் சோடா மாவு. யார் சொன்னதையும் நான் தட்டுவதில்லை என்பதால் நான்கையும் சேர்த்தேன். சமையலறைத் தொட்டி சின்னது. கடைக்குப் போய் நீளமாக, தாராளமாக, தண்ணீர் வடிய அடைப்போடு ஒரு தொட்டி வாங்கிவந்தேன்.

“என்னாங்க இது?” என்றாள் கவிதா.

“காய் கழுவ.”

“வாத்துப் படம் போட்டிருக்கு.”

“இருந்துட்டுப் போவட்டும்.”

“இது பிள்ளை குளிப்பாட்டுற தொட்டி.”

அவள் குரல் ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் பிள்ளை பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று ஒரு கைத்துணிகூட வாங்கமாட்டார்கள். ஒருமுறை கலைந்துபோன வீட்டில் அதைப்பற்றிப் பேசவே மாட்டார்கள். ‘இது காய்க்கு வாங்கியது, பிள்ளைக்கு வாங்கியது அல்ல’ என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, தொட்டியைத் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அந்தத் தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறிய பங்சார் கீரை, ஆக்கினால் ஊறுகாய் மாதிரி மணத்தது. கவிதா ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். ஞாயிற்றுக்கிழமைப் பை வழக்கம்போலத் தாப்பாவிடமே போனது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. ஃப்ளாட்டின் கீழ்த்தள மண்டபத்தில், ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. மறுநாள் திங்கள், மிஸி சொன்ன அந்த ரத்தப் பரிசோதனை.

எட்டு மணிக்கெல்லாம் அத்தை கடை லோரியிலேயே வந்து இறங்கிவிட்டார். பட்டுச்சேலை, தலையில் பூ, இரண்டு கையிலும் சிவப்புப் பைகள். சாமானையெல்லாம் ஒன்பதாவது மாடிக்கு ஏற்றி, கூடத்தில் ஏழு தட்டுகளையும் பரப்பினார். வளையல் ஒரு தட்டு, இனிப்பு ஒரு தட்டு. மற்ற ஐந்தும் அவர் கடையிலிருந்து: திராட்சை, ஆப்பிள், கொய்யா, வாழைப்பழம், வெற்றிலை. திராட்சைக் கொத்தில் நசுங்கியது ஒன்றுகூட இல்லை. “விடியறதுக்குள்ள ஒவ்வொண்ணாப் பொறுக்குனேன் மாப்ளே. தொடாதீங்க. ரயிலடிக்குப் போய் எல்லாரையும் கூட்டிட்டு வந்து நானே அடுக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கவிதா தலை பின்னிக்கொள்ளக் கீழே பார்லருக்குப் போயிருந்தாள்.

வீட்டில் நான், ஐந்து தட்டுப் பழம், என் பயம்.

உட்கார்ந்து யோசித்தேன். முப்பது பெரியவர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவள் வாயில் வைப்பார்கள். முப்பது வாய் மருந்து! நான் எந்தப் பக்கமெல்லாம் காவல் நின்றேனோ அத்தனையும் ஒரே காலையில் வீணாகிவிடும். அத்தை திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். ஊற ஒரு மணி நேரம். சரியாக இருந்தது.

பாதித் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்து, வெற்றிலையோடு சேர்த்து ஐந்து தட்டையும் அதற்குள் கவிழ்த்தேன். உப்பு. மஞ்சள்தூள் ஒரு பொட்டலம். சோடா மாவு. கடைசியில் வினிகரை ஊற்றினேன். (வினிகரக் கடைசியில ஊத்தக்கூடாதுன்னு எந்தக் குழுவுலயும் சொல்லல.) மஞ்சள் நுரை பொங்கி, தொட்டியின் வாத்துக்களை மூழ்கடித்து, தரையில் இறங்கி, வாசல்படியை நோக்கி வந்தது. அலச வேண்டும் என்று குழாயைத் திறந்தேன். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டு சொட்டு. அதோடு சரி.

தண்ணீர் வெட்டு. ஞாயிறு ஒன்பது மணியிலிருந்து என்று மூன்று நாளாக லிஃப்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அடிக்கடி குழாய் வற்றும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன், தண்ணீர் வெட்டு அறிவிப்பைப் படிக்காமல் மூன்று நாள் லிஃப்டில் நின்று கீரை விஷம் பற்றிய வீடியோ பார்த்திருக்கிறேன்.

தாப்பாவுக்குப் போன் அடித்தேன். காவல் கூண்டுக்குப் பின்னால் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தார். “வரேன் போஸ்” என்றார், முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி. அதற்குள் பச்சைத் திராட்சைக்குக் காமாலை வந்திருந்தது. வெற்றிலை சுருண்டு படுத்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்து என் வேட்டியில் துடைத்தேன். பழத்தில் இருந்த மஞ்சள் போகவில்லை, வேட்டிக்கு வந்தது.

தாப்பா இரண்டு வாளியோடு உள்ளே வந்தார். அவர் திறந்து வைத்த கதவு வழியாக அத்தையும் வந்தார். பின்னால் எட்டுப் பேர். அவர்களுக்கும் பின்னால், பாதிப் பின்னலோடு கவிதா.

முதலில் வாய் திறந்தது அத்தையின் தங்கை. “ஐயையோ! பிள்ள பொறக்குமுன்ன தொட்டி வாங்கிட்டாங்கக்கா!”

“தொட்டிய விடுடி,” என்றார் இன்னொருவர். “தொட்டிக்குள்ள பாரு.”

அந்த நேரம் பார்த்துத் தாப்பா கூடத்தில் கிடந்த சிவப்புப் பைகளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்து அத்தையைக் கும்பிட்டார். மலாயில் அவர் சொன்னதன் சாரம்: “அம்மா, இந்தப் பை உங்களோடதா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போஸ் குடுப்பாரு. தண்டுகூட இல்லாத கீரை. ரொம்ப நல்லாருக்கு. பாருங்க, நான் எப்படி ஆயிட்டேன்!” என்று தன் கன்னத்தைக் கிள்ளிக் காட்டினார்.

அத்தை தாப்பாவின் கன்னத்தைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் திரும்பி மகளின் கன்னத்தைப் பார்த்தார்.

“வாடிப்போச்சுன்னீங்க” என்றாள் கவிதா. சத்தமே இல்லாமல் சொன்னாள். யாராவது கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அத்தை, அதுல மருந்து... ஒரு மணி நேரம் ஊற வச்சா...” என்று ஆரம்பித்தேன்.

“மருந்து அடிக்காத கீரைன்னு நான் என்னிக்காச்சும் பொய் சொன்னேனா?” என்றார் அத்தை. “மருந்து அடிச்ச மறுநாளே எவன் அறுப்பான்னு எனக்குத் தெரியும். அவன்கிட்ட எடுக்க மாட்டேன். பயத்தங்காயில வாடை வந்துச்சுன்னு கூடையோட திருப்பி அனுப்பியிருக்கேன். கழுவாம இவளுக்கு ஒரு எல குடுத்திருப்பேனா? இவங்க அப்பா போனப்ப இவளுக்கு ஆறு வயசு. கறி மீனு வாங்க வழியில்ல. சாயங்காலம் விக்காம நின்ன காய்தான் இவளுக்குச் சோறு, கொழம்பு, எல்லாம்.” குரல் உடைந்தது. அதைச் சமாளிக்கத்தான், நான் முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இத்தனை பேருடைய வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தவனுக்கு அன்று ஒன்றும் கைகொடுக்கவில்லை. சொந்தமாக ஒன்றுதான் வந்தது.

“போன தடவ மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான் அத்தை.”

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். வேட்டியில் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மஞ்சள்.

அத்தை என்ன செய்தார் என்பதற்கு முன்னால் மற்றதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தாப்பாவின் இரண்டு வாளித் தண்ணீரில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றி, ஒரு மணி நேரம் தாமதமாக வளைகாப்பு நடந்தது. திங்கட்கிழமை ரத்தம் ஏறியிருக்கவில்லை, இறங்கவும் இல்லை. மிஸி இன்னும் மூன்று வாரம் தவணை கொடுத்தார். மாத்திரை ஆரஞ்சுப் பழச்சாறோடு போனது. கீரை குழாய்த் தண்ணீரில் அலசப்பட்டு அன்றன்றே சட்டிக்குப் போனது. மூன்று வாரம் கழித்து மிஸி எண்ணை எழுதி, இந்தத் தடவை பேனாவை மூடினார். பெரிய ஆஸ்பத்திரி வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது அத்தை முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “கழுவியாச்சான்னு பாத்துக்கிட்டீங்களா மாப்ளே?”

அன்று தொடங்கியது. இன்றுவரை கிள்ளானில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், எதை என் கையில் கொடுத்தாலும், இலையோ, தட்டோ, மொய்க் கவரோ, “மாப்ளைக்குக் கழுவிக் குடுங்கப்பா” என்று ஒரு குரல் வரும். வாத்துத் தொட்டியின் மஞ்சள் எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதில்தான் என் மகள் யாழினி குளித்தாள். தாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தனிப் பை வருகிறது. எனக்குப் பயம் போய்விட்டதா? இல்லை. இன்னமும் பயத்தங்காயை முகர்ந்து பார்க்கிறேன், குழாயடியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். நின்றுவிட்டு, சமைத்துவிடுகிறேன்.

இப்போது அந்தக் குளியலறைக்கு வருகிறேன். நான் அழுதபடி இருந்தேன். அத்தை பட்டுச்சேலையோடு அந்த ஈரத் தரையில் என் எதிரே உட்கார்ந்தார். நுரைக்குள் கைவிட்டு ஒரு கொய்யாவை எடுத்து, முந்தானையில் துடைத்தார். கைப்பையிலிருந்து கடையில் காய் நறுக்கும் சின்னக் கத்தியை எடுத்தார். ஒரு துண்டு நறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். உப்பு, புளிப்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்த அதை முகம் மாறாமல் மென்று விழுங்கினார். இரண்டாவது துண்டை நறுக்கி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். கவிதா வாங்கித் தின்றாள். ஏழு மாதக்காரியின் நாக்குக்கு அது எப்படி இருந்ததோ, “இன்னொண்ணும்மா” என்றாள். “இரு” என்றார் அத்தை. நான் அழுதுகொண்டிருந்ததால் என் வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மூன்றாவது துண்டை அதில் வைத்தார்.